நடுவயதுப் பெண்ணின் மனப்பதற்றம்: மருத்துவம் கடந்து வந்த வழி

தமிழிலக்கியம் பயின்றோர் அனைவரும் பெண்ணின் ஏழு பருவங்களை அறிவர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என உலா நூல்கள் அவற்றை வரிசைப்படுத்துகின்றன. ஐந்து வயதில் தொடங்கும் அவ்வரிசை, நாற்பது வயதளவில் பேரிளம்பெண்ணோடு முற்றுப் பெற்றுவிடுகிறது. உலாப் புலவர்களுக்கு வேண்டியிருந்தது தலைவன் வீதியுலா வரக்கண்டு காதல் கொள்ளும் மகளிரின் வரிசையே ஆதலின் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எனினும், நாற்பதைக் கடந்து மூதாட்டி எனும் நிலையை இன்னும் எட்டாத ஒருத்திக்கு அவ்வரிசையில் பெயரில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவள் வாழ்வின் பெரியதோர் உடல் மாற்றமாகிய மாதவிலக்கு நிற்றல், அந்தப் பெயரில்லாத ஆண்டுகளிலேதான் நிகழ்கிறது.

அம்மாற்றம் பண்டை மருத்துவர்களுக்குத் தெரியாததன்று. பன்னிரண்டாம் வயதில் தொடங்கும் மாதவிலக்கு ஐம்பதாம் வயதில் ஒடுங்கும் என்று சுசுருத சங்கிதை கூறுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பெரும்பாலோர்க்கு நாற்பதளவில் நிற்கும் என்றும் சிலர்க்கு ஐம்பது வரை நீளும் என்றும் எழுதி வைத்தார். இன்றைய மருத்துவம், தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் விலக்கு வராதிருப்பின் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறது. அதற்கு முந்திய சில ஆண்டுகள், விலக்கு முறைதவறி வருவதும் தள்ளிப் போவதுமாகக் கழியும் இடைக்காலமாகும். இந்த இடைக்காலத்திலேதான் பெண்டிர் பலர்க்கு மனப்பதற்றம் வந்து சேர்கிறது.

அப்பதற்றத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அது வெறுங்கவலை அன்று. பின்னிரவில் காரணமின்றி விழிப்புத் தட்டும், நெஞ்சு படபடக்கும், பூட்டிய கதவைப் பூட்டினோமா என்ற ஐயம் எழும், வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்திருக்குமோ என்ற அச்சம் விடியும்வரை உறங்கவிடாது. இருபதாண்டுகள் வகுப்பறையில் அஞ்சாது நின்ற ஆசிரியை, பெற்றோர் கூட்டத்தில் நான்கு வார்த்தை பேசத் தயங்குவார். வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் சொன்னால், 'இந்த வயதில் அப்படித்தான் இருக்கும்' என்ற விடை கிடைக்கும். அவ்விடையில் ஆறுதலும் உண்டு; வாயை அடைத்துவிடும் தன்மையும் உண்டு. எல்லாப் பெண்களுக்கும் இந்நிலை வருவதில்லை என்பதையும் இங்கேயே கூறிவிட வேண்டும். பெருந்துன்பம் ஏதுமின்றி இப்பருவத்தைக் கடந்து செல்வோர் பலர் உளர். வருவோர்க்கு அது ஏன் வருகிறது என்பதே கேள்வி. கருப்பையிலிருந்தா, மனத்திலிருந்தா, வாழ்க்கைச் சுமையிலிருந்தா? இக்கேள்விக்குக் காலந்தோறும் மருத்துவர் கண்ட விடைகள் மாறி மாறி வந்திருக்கின்றன. எந்த விடை அரியணையில் இருந்ததோ, அதற்கேற்ற மருந்தே பெண்ணின் வாயில் ஊற்றப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பிய மருத்துவர் பலர் கொண்டிருந்த கருத்து எளிமையானது: மாதந்தோறும் வெளியேற வேண்டிய குருதி உள்ளே தங்கிவிடுகிறது, தங்கியது தலைக்கேறிக் கலக்கம் விளைக்கிறது. எனவே கத்தியால் நாளத்தைக் கீறிக் குருதி வடித்தனர்; அட்டை விட்டனர்; பேதிக்குக் கொடுத்தனர். இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1776ஆம் ஆண்டில் இப்பருவத்தைப் பேணும் முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மாதவிலக்கு நிற்பதை நோயென அவர் கருதவில்லை. இயற்கையின் ஏற்பாடென்றே கருதினார். அதனினும் சிறப்பாக, இப்பருவம் ஆபத்தானது என்று சொல்லிச் சொல்லியே பெண்களுக்கு அச்சம் ஊட்டப்பட்டிருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். பதற்றத்தின் ஒரு பகுதி உடலிலிருந்து வருவதன்று, கேள்விப்பட்ட கதைகளிலிருந்து வருவது என்ற இவ்வுண்மையை ஆய்வு முறையால் மெய்ப்பிக்க உலகம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்பருவத்திற்கு ஒரு மருத்துவப் பெயர் சூட்டியவர் சார்ல் தெ கார்தான் எனும் பிரெஞ்சு மருத்துவர். 1816இல் அவர் அமைத்த சொல், 1821இல் அவரது நூலின் தலைப்பிலேயே 'மெனோபாஸ்' என்று செம்மையுற்று நின்றது. மாதம், நிறுத்தம் எனும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. மாதவிடாய் நிறுத்தம் என்று இன்று நாம் வழங்குவது அச்சொல்லுக்கு நேர்பொருளாகவே அமைந்திருக்கிறது. பெயர் வந்ததும் அதனைப் பற்றிய நூல்களும் பெருகின. இலண்டனில் எட்வர்ட் டில்ட் என்பார் 1857இல் வெளியிட்ட பெருநூல் ஐந்நூறு பெண்களிடம் திரட்டிய செய்திகளைக் கொண்டது. நரம்புத் தளர்ச்சி, எரிச்சல், அச்சம், மயக்கம் முதலியவற்றையெல்லாம் அவர் அட்டவணையிட்டார். பெண்களைக் கேட்டு எழுதியமைக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் அவ்வைந்நூற்றுவரும் மருத்துவரை நாடி வந்தவர்கள். நலமாயிருந்தோர் அவர் வாயிலுக்கு வர வேண்டிய தேவையே இல்லையன்றோ! மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணினால் ஊரே நோயுற்றதாகத் தோன்றும். இந்தப் பிழை அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் மருத்துவ நூல்களை விட்டு அகலவில்லை. டில்ட் தந்த மருந்துகளுள் அபினியும், வயிற்றின்மேல் இடும் பெல்லடோனாப் பற்றும் இருந்தன. அபினி உண்டவள் அமைதியடைந்தாள் என்பதில் வியப்பில்லை.

அக்காலத்தின் கொடிய அத்தியாயம் அறுவை மருத்துவத்தைச் சார்ந்தது. அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி எனும் மருத்துவர் 1872இல் ஓர் இளம்பெண்ணின் சூலகங்களை வெட்டி எடுத்தார். அவற்றில் கட்டியோ புற்றோ இருந்தமையால் அன்று. விலக்குக் கால வலிப்பும் நரம்புக் கோளாறும் சூலகத்தினால் விளைவன என்று அவர் நம்பியமையால். அதே ஆண்டில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அத்தகைய அறுவை நடந்தது. வலிப்பு, வெறி, நரம்புத் தளர்ச்சி எனப் பற்பல காரணங்களுக்காக அடுத்த இருபதாண்டுகளில் பல பெண்கள் சூலகம் இழந்தனர். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் ஐம்பது வயதின் மாற்றத்தைக் கத்தி கொண்டுவந்தது. உடல் திடீரெனக் கொதிப்பதும், உறக்கம் கெடுவதும், மனம் அலைவதும் அவர்களிடம் கடுமையாகத் தோன்றின. நரம்பைத் தணிக்கச் செய்த அறுவை நரம்பை மேலும் கலக்கிய இந்த முரண்பாடே, சூலகத்திலிருந்து ஏதோ ஒன்று குருதியில் கலந்து உடலெங்கும் செயற்படுகிறது என்ற எண்ணத்திற்கு வித்திட்டவற்றுள் ஒன்று என்பதை நினைக்கும்போது மனம் வருந்துகிறது. அறிவியல் தன் பாடங்களுக்கு யாரிடம் கட்டணம் வசூலித்தது என்பதை வரலாறு பயில்வோர் மறத்தல் ஆகாது.

மருத்துவரிடம் செல்ல அஞ்சிய பெண்கள் கடையில் விற்ற புட்டி மருந்துகளை நாடினர். 1875இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில் லிடியா பிங்கம் அம்மையார் விற்பனைக்குக் கொணர்ந்த மூலிகை நீர் அவற்றுள் புகழ்பெற்றது. சில வேர்களோடு நம் வீட்டு வெந்தயமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அதனோடு ஐந்திலொரு பங்களவு சாராயமும் கலந்திருந்தது. மதுவிலக்குக் கொள்கையுடைய குடும்பத்துப் பெண்களும் அதனைக் கரண்டிக் கணக்கில் அருந்தினர். மருந்தின் குணம் எதனால் என்பதை அவரவர் ஊகத்திற்கு விட்டுவிடலாம். எனினும், தம் நோயைப் பற்றித் தம்மிடம் எழுதுமாறு பெண்களை அழைத்து, பெண்களே விடையெழுதுவர் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்ததும், அதற்குக் கடிதங்கள் வந்து குவிந்ததும் கருதத்தக்கவை. கேட்பார் இருந்தால் சொல்வதற்குப் பெண்களிடம் எவ்வளவோ இருந்தது.

1896இல் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இப்பருவத்துக்கெனத் தனியொரு மனநோயை வகுத்தார். உடல் ஒடுங்கும் வயதில் தோன்றும் மனச்சோர்வு என்பது அதன் பெயரின் பொருள். இடையறாத நடுக்கம், குற்றவுணர்வு, கைகளைப் பிசைந்துகொண்டு அங்குமிங்கும் நடத்தல், உடலில் கொடிய நோய் பற்றிவிட்டதென்ற அச்சம் ஆகியன அதன் அடையாளங்கள். அதாவது, சோர்வு என்று பெயரிடப்பட்டபோதும் அதன் உள்ளீடு பதற்றமே. ஆண்களுக்கும் அது வரும் என்று கூறப்பட்டபோதிலும், நடைமுறையில் அது நடுவயதுப் பெண்ணின் நோயாகவே கருதப்பட்டது. கிரேப்பலினே 1913இல் வெளியான பதிப்பில் அதனைத் தனிநோய் அல்லவென்று கருதி வேறொரு நோய்த்தொகுதிக்குள் சேர்த்துவிட்டார். ஆனால், ஆசிரியர் கைவிட்ட கருத்தை மாணாக்கர் கைவிடாத விந்தை இங்கும் நிகழ்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1952இலும் 1968இலும் அந்நோய்க்கு இடமளித்தது. 1938இல் இத்தாலியில் தோன்றிய மின்னதிர்ச்சி மருத்துவம், இந்நோய் உடையோர் எனக் குறிக்கப்பட்ட பெண்களுக்குப் பெருமளவில் அளிக்கப்பட்டது. அவர்களுள் சிலர் உண்மையிலேயே கடும் மனநோயால் வாடியவர்கள். அவர்களுக்கு அது நலம் செய்தது என்பதை மறுக்கவியலாது. இக்கட்டிடம் சரிந்தது 1979இல்தான். மிர்னா வைஸ்மன் எனும் ஆய்வறிஞர், மாதவிலக்கு நிற்கும் வயதில் தோன்றும் மனச்சோர்வுக்குத் தனி அடையாளமும் இல்லை, அவ்வயதில் அது மிகுதியாகத் தோன்றுவதற்குச் சான்றும் இல்லை என்று எழுதினார். 1980இல் வந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து அந்நோயின் பெயர் நீக்கப்பட்டது. எண்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு நோய், ஒரு பதிப்பில் மறைந்தது.

இதற்கிடையில் சூலகத்தின் மறைபொருளை வேதியியலார் வெளிக்கொணர்ந்தனர். 1890களில் பசுவின் சூலகத்தை உலர்த்திப் பொடித்து மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தனர். 1923இல் எட்கார் ஆலன், எட்வர்ட் டாய்சி எனும் இருவர் சூலக ஹார்மோனின் செயலை ஆய்வுக்கூடத்தில் நிறுவினர். 1929இல் டாய்சி அமெரிக்காவிலும், அடால்ஃப் பூட்டனன்ட் ஜெர்மனியிலும் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். ஈஸ்ட்ரோஜன் எனும் பெயர் உலகறிந்ததாயிற்று. 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரிமரின் எனும் மாத்திரை, சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. உடல் வெப்பத்தையும் இரவு வியர்வையையும் அது தணித்தது என்பதில் ஐயமில்லை. உறக்கம் திரும்பியபோது பலர்க்கு மனமும் தெளிந்தது.

ஹார்மோனால் தணியாத பதற்றத்திற்கு என்ன செய்வது? இங்கேதான் அமைதியூட்டி மாத்திரைகளின் காலம் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புரோமைடு உப்பு, 1903 முதல் பார்பிட்டியூரேட் வகை, 1955இல் மெப்ரோபமேட், 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம். ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தீங்கற்றது என்ற முழக்கத்தோடு வந்தது. இவ்வரிசையில் நின்று நோக்க வேண்டிய பொருள் ஒன்றுண்டு. ஈஸ்ட்ரோஜனையும் மெப்ரோபமேட்டையும் ஒரே வில்லையில் சேர்த்து ஒரு நிறுவனம் விற்றது. ஈஸ்ட்ரோஜனையும் லிப்ரியத்தையும் சேர்த்து மென்ரியம் என்ற பெயரில் வேறொரு நிறுவனம் விற்றது. காரணம் உடலா மனமா என்ற கேள்விக்கு விடைகாணும் வேலையே இனி மருத்துவருக்கு இல்லை. ஒரே மாத்திரை இரண்டையும் பார்த்துக்கொள்ளும். நோயாளி பேச வேண்டிய தேவையும் இல்லை. அக்கால மருத்துவ இதழ்களில் வெளிவந்த விளம்பரங்கள், எரிந்து விழும் மனைவியையும் களைத்துப்போன கணவனையும் காட்டின. மருந்து யாருடைய நிம்மதிக்காக என்பதை அப்படங்கள் ஒளிக்கவில்லை. நாள்தோறும் உண்டவர்கள் அம்மாத்திரையை விடமுடியாமல் தவித்ததும், விட்டபோது முன்னைவிடக் கொடிய நடுக்கம் வந்ததும் 1970களின் பிற்பகுதியில் பரவலாகப் பேசப்பட்டன. பதற்றத்தைத் தணிக்க வந்த மருந்து, தன்னை நிறுத்துவதையே பதற்றத்திற்குக் காரணமாக்கியது.

1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய 'என்றென்றும் பெண்மை' எனும் பொருள்தரும் நூல் பெருவிற்பனை கண்டது. மாதவிலக்கு நிற்பது, நீரிழிவைப் போல ஒரு குறைபாட்டு நோய். இன்சுலின் போல ஈஸ்ட்ரோஜனை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும் என்பது அந்நூலின் வாதம். அந்நூலுக்கு மருந்து நிறுவனப் பொருளுதவி இருந்தது என்பதை அவர் மகன் 2002இல் தெரிவித்தார். நூல் வந்து ஒன்பது ஆண்டுகளில், 1975 டிசம்பரில், ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உண்டோர்க்குக் கருப்பை உட்சுவர்ப் புற்று மிகுதியாகத் தோன்றுவதை இரண்டு ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வெளியிட்டன. விற்பனை சரிந்தது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் உடன் சேர்த்தால் அத்தீங்கைத் தடுக்கலாம் எனக் கண்டபின் மீண்டும் உயர்ந்தது.

மருந்தின் ஏற்றத்தாழ்வுக் கதை இவ்வாறு செல்ல, அதற்குப் பக்கத்திலேயே ஆரவாரமின்றி வேறொரு முயற்சி வளர்ந்துகொண்டிருந்தது. அதுவே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி எனலாம். 1953இல் நியூயார்க்கின் குப்பர்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் இப்பருவத்துத் துன்பங்களை அளக்கப் பதினோர் அறிகுறிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். உடல் வெப்பத்திற்கு நான்கு மடங்கு மதிப்பு. நரம்புப் பதற்றத்திற்கு இரண்டு மடங்கு. மனச்சோர்வுக்கு ஒரு மடங்கே. இந்த மதிப்பை வகுத்தவர் மருத்துவர், துன்புற்ற பெண்ணல்லள். தேர்வுத்தாளில் எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதை வகுப்பவரே தேர்ச்சியையும் தீர்மானிக்கிறார் என்பது ஆசிரியர்கள் அறியாததன்று. கிளாஸ்கோ நகரின் உளவியலார் கிரீன் அமைத்த அளவுகோல், பதற்றத்தை மனச்சோர்விலிருந்து பிரித்துத் தனித்தொகுதியாக்கியது. பதற்றம் தனக்கென ஓரிடம் பெற்றது.

சிகாகோவில் பெர்னிஸ் நியுகார்ட்டன் குழுவினர் 1963இல் செய்தது எளிய செயல்தான். மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, நலமுடன் வாழும் பெண்களிடம் கேட்டனர். இப்பருவத்தை மிகக் கருமையாகக் கண்டவர்கள் அதனை இன்னும் எட்டாத இளையோர். அதனைக் கடந்து வந்தவர்களோ, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்ற கருத்தினர். ஃபாதர்கில் 1776இல் கண்டதற்கு இப்போது சான்று கிடைத்தது. 1975இல் மார்ஷா ஃபிளின்ட் எனும் மானிடவியலார் இராசபுத்திரப் பெண்கள் 483 பேரைக் கண்டு எழுதிய கட்டுரையும் இவ்வகையில் புகழ்பெற்றது. திரைக்குப் பின் வாழ்ந்த அப்பெண்கள், விலக்கு நின்றபின் ஆடவர் அமர்ந்து பேசும் அவைக்கு வரும் உரிமை பெற்றனர். அவர்களிடம் துன்ப அறிகுறிகள் மிகச் சிலவே காணப்பட்டன. இதனைக் கொண்டு, இந்தியப் பெண்களுக்கு இத்துன்பமே இல்லை என்று பெருமை பேசிக்கொள்வது பொருந்தாது. வெப்பமும் மூட்டுவலியும் பதற்றமும் இந்தியப் பெண்களும் உணர்வதைப் பின்வந்த ஆய்வுகள் பல காட்டியுள்ளன. ஜப்பானியப் பெண்களை ஆராய்ந்து மார்கரெட் லாக் 1993இல் வெளியிட்ட நூல், அங்கே உடல் வெப்பத்தைவிடத் தோள் இறுக்கமே மிகுதியாகச் சொல்லப்பட்டதை எடுத்துரைத்தது. பண்பாடு நோயை உண்டாக்குகிறதோ இல்லையோ, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விழுங்க வேண்டும் என்பதை அது கற்பித்துவிடுகிறது.

அடுத்த படி, ஒரே பெண்ணை ஆண்டுதோறும் சென்று கண்டு கேட்பது. இதற்குப் பொறுமையும் பொருளும் வேண்டும். அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியில் ஏழு நகரங்களில் தொடங்கிய ஓர் ஆய்வு, ஐந்து இனங்களைச் சேர்ந்த 3,302 பெண்களை நெடுங்காலம் பின்தொடர்ந்தது. அதனுள் 2,956 பேரின் பத்தாண்டு விடைகளைக் கொண்டு ஜாய்ஸ் பிராம்பர்கர் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவு மிக நுட்பமானது. தொடக்கத்திலேயே பதற்ற இயல்பு மிகுந்தவர்கள், விலக்கு நிற்கும் முன்னும் பின்னும் அதே நிலையில் இருந்தனர். இப்பருவம் அவர்களது பதற்றத்தைக் கூட்டவில்லை. ஆனால், முன்பு அமைதியாய் இருந்தவர்களுக்கே இடைக்காலத்திலும் அதன் பின்னும் மிகுபதற்றம் தோன்றும் வாய்ப்பு உயர்ந்தது. 'முன்னெல்லாம் நான் இப்படி இருந்ததில்லை' என்று ஒரு பெண் கூறுவது வெறும் புலம்பலன்று. அளந்து கண்ட உண்மை என்பது இதனால் விளங்கியது. அதற்கு முன்னர், பிலடெல்பியா நகரில் 436 பெண்களை ஆறாண்டுகள் பின்தொடர்ந்து எலன் ஃபிரீமன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. உடல் வெப்பம் வருவதால் பதற்றம் வருகிறது என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். பதற்றம் முந்தி வருவதும் உண்டு என்றும், மிகுபதற்றம் உடையோர் உடல் வெப்பத்தை உணரும் வாய்ப்பு மற்றோரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும் அவ்வாய்வு காட்டியது.

இவ்விரண்டும் ஏன் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு மூளை பற்றிய ஆய்வுகள் விடை தந்தன. புரோஜெஸ்டிரோன் எனும் ஹார்மோனுக்கு உறக்கமூட்டும் ஆற்றல் உண்டு என்பதை ஹான்ஸ் செலியே 1941இலேயே எலிகளிடம் கண்டார். அதன் காரணம் 1986இல் வெளிப்பட்டது. அந்த ஹார்மோன் உடலில் சிதைந்து உருவாகும் ஒரு பொருள், மூளையை அடக்கி அமைதிப்படுத்தும் காபா எனும் வேதிப்பொருளின் செயலை வலுப்படுத்துகிறது. பார்பிட்டியூரேட்டும் வேலியமும் தட்டுகின்ற அதே வாயிலை, அவற்றினின்று வேறான இடத்தில் அது தட்டுகிறது. பெண்ணின் உடலே தனக்கென அமைதியூட்டி ஒன்றை மாதந்தோறும் உருவாக்கிக்கொண்டிருக்க, இடைக்காலத்தில் அதன் வரத்து சீராக இராமல் ஏறியும் இறங்கியும் அலைகிறது. இந்த அலைவிற்கு எல்லார் மூளையும் ஒரே வகையாக ஈடுகொடுப்பதில்லை. ஈடுகொடுக்கத் திணறுவோரிடம் பதற்றம் தலைதூக்குகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். மற்றொரு புறம், ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப்பகுதி மிகுந்த கூச்சமுடையதாகிவிடுகிறது. சிறிதளவு சூட்டுக்கும் அது பெருந்தீ மூண்டதுபோல் குருதிக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. நெஞ்சு படபடப்பும் வியர்வையும் அச்சத்திற்கும் உரியவை, வெப்பத்திற்கும் உரியவை. நள்ளிரவில் விழித்தெழும் பெண் அவற்றைப் பிரித்தறிய இயலாமல் திகைப்பது இயல்பேயாகும்.

இவ்வறிவு வளர்ந்துகொண்டிருந்த வேளையில், 2002 ஜூலையில், ஹார்மோன் மருத்துவத்தின்மீது பேரிடி விழுந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் எனும் துணை மருந்தும் சேர்த்து உண்டோர்க்கு மார்பகப் புற்று 26 விழுக்காடு மிகுதி என்ற செய்தி உலகெங்கும் பரவியது. எண்ணிக்கையில் அது, பதினாயிரம் பெண்கள் ஓராண்டு உண்டால் எட்டுப் பேர் கூடுதல் என்பதாகும். விழுக்காட்டைக் கேட்டவர் கோடி. எண்ணிக்கையைக் கேட்டவர் சிலரே. அந்த ஆய்விற் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதும் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. ஐம்பது வயதில் துன்புறும் பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையை எறிந்தனர். பின்வந்த மருத்துவர்களும் எழுதித் தர அஞ்சினர். அறுபது வயதுக்குட்பட்ட, அல்லது விலக்கு நின்று பத்தாண்டுகள் ஆகாத நலமுள்ள பெண்ணுக்கு, துன்பம் மிகுதியாயின் நன்மையே பெரிது என்ற தெளிவு பிற்பாடு மெல்ல மெல்ல வந்தது.

அவ்விடைவெளியில் உளவியலார் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. இலண்டனில் மைரா ஹன்டர் குழுவினர், எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையை இப்பருவத்துக்கேற்ப வகுத்தனர். வெப்பம் எழும்போது, 'எல்லாரும் என்னையே பார்க்கின்றனர்' என்ற எண்ணம் அதனை மேலும் மூட்டுவதைப் பெண்களுக்கு எடுத்துக்காட்டினர். வயிற்றிலிருந்து மெல்ல மூச்சு விடப் பயிற்றினர். விழித்துப் புரளும் இரவைக் கையாளும் முறை கற்பித்தனர். 140 பெண்களைக் கொண்டு 2012இல் வெளியான அவர்களது ஆய்வில், குழுவாகப் பயின்றோர்க்கும் வீட்டில் நூலைக் கொண்டு தாமே பயின்றோர்க்கும் வெப்பத்தினால் உண்டாகும் தொல்லை குறைந்தது. நான்கு வாரப் பயிற்சிதான்! இங்கிலாந்து நாட்டின் மருத்துவ வழிகாட்டி 2015இல், இப்பருவத்துப் பதற்றத்திற்கு இவ்வுளச்சிகிச்சையைக் கருதுமாறு மருத்துவர்க்குக் கூறியது. மனச்சோர்வு நோய் உறுதி செய்யப்படாத பெண்ணின் மனவாட்டத்திற்கு அந்நோய்க்குரிய மாத்திரைகள் உதவும் என்பதற்குத் தெளிவான சான்றில்லை என்றும் அது அறிவித்தது. 2023இல், வெப்பத்தைத் தூண்டும் மூளை நரம்பணுக்களையே அடக்கும் ஃபெசோலினிடன்ட் எனும் ஹார்மோன் அல்லாத மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கல்லீரலைக் கண்காணித்தே அதனை உண்ண வேண்டும்.

இன்று தேர்ந்த மருத்துவர் ஒருவர், பதற்றத்தோடு வரும் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் முதலில் கேட்பது காலத்தைப் பற்றியது: எப்போது தொடங்கிற்று, விலக்கு எவ்வாறு வருகிறது, உறக்கம் எப்படி, முன்பு எப்போதேனும் இவ்வாறு இருந்ததுண்டா? பிறகு தைராய்டு சுரப்பியையும் குருதிச் சோகையையும் இதயத்துடிப்பையும் ஆராய்கிறார். ஏனெனில் இவையும் அதே படபடப்பைத் தரும். வெப்பமும் உறக்கக் கேடும் முன்நின்றால் ஹார்மோன். மார்பகப் புற்றுக்கு ஆளானவர் போன்றோர்க்கு வேறு வழி. பதற்றம் வாழ்வையே முடக்கும் அளவுக்கு முற்றியிருந்தால் அதற்குரிய உளச்சிகிச்சையும் மாத்திரையும். சாகும் எண்ணம் உண்டா என்று கேட்கவும் அவர் தயங்குவதில்லை. வீட்டில் முதிய மாமியார், தேர்வெழுதும் பிள்ளைகள், கணவரின் வேலை இவற்றைப் பற்றிய கேள்விகளும் அம்மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறுகின்றன.

மலேசியா, சிங்கப்பூர் வாழ் பெண்களைப் பற்றிய செய்திகள் இவ்வரலாற்றில் தாமதமாகவே இடம்பெற்றன. 1994இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, இவ்விரு நாடுகள் உட்பட ஆசிய வட்டாரத்தின் ஏழு நாடுகளில், நாட்டுக்குச் சுமார் நானூறு பெண்களிடம் கேட்டது. 2002இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வொன்றில், உடல் வெப்பத்தைச் சொன்னவர்கள் 17.6 விழுக்காட்டினர், இடுப்புவலியும் தசைமூட்டு வலியும் சொன்னவர்கள் 51.4 விழுக்காட்டினர். குப்பர்மனின் அளவுகோலை அப்படியே இங்கே கொணர்ந்து நீட்டியிருந்தால், மேனி முழுதும் வலிக்கிறது என்று சொன்ன பெண்ணுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்திருக்கும். அமெரிக்காவின் நெடுங்கால ஆய்வில் இடம்பெற்ற ஐந்து இனங்களுள் இந்திய வம்சாவளியினர் இல்லை. அக்குறையை ஓரளவு நிரப்பும் வகையில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வுத் திட்டமொன்று 45 முதல் 69 வயது வரையிலான சீன, மலாய், இந்தியப் பெண்கள் 1,201 பேரைச் சேர்த்தது. அவர்களிடம் கேள்விகள் மட்டுமன்றிக் கைப்பிடியின் வலிமையும், நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் ஐந்துமுறை எழுந்தமரும் நேரமும் அளக்கப்பட்டன. கைப்பிடி தளர்ந்தவர்களிடமும் எழுந்தமர நேரம் நீண்டவர்களிடமும் சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. எது முந்தியது, எது பிந்தியது என்பதை அத்தகைய ஒருமுறைக் கணக்கெடுப்பால் சொல்ல இயலாது. அதே பெண்களை மீண்டும் அழைத்து அளந்தாலன்றி அது விளங்காது.